கூரில் பிறந்த ஒரு பெண்ணைப் பற்றி மகளுக்கு

அன்புள்ள பிள்ளைக்கு,

போன ஞாயிறு நீ தொலைபேசியில் சொன்னது இன்னும் காதுக்குள் நிற்கிறது. "அப்பா, முகம் கீறிக் கீறி அலுத்துப்போச்சு. கலியாணப் படம், அறுபதாம் கலியாணப் படம், செத்த ஆக்களின்ர படம். இதுக்குத்தானோ நான் லண்டனுக்கு வந்தனான்" என்று கேட்டாய். நான் ஓம் ஓம் என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். சொல்ல இருந்தது நீளமான கதை. வாயால் சொன்னால் நீ நடுவில் மறிப்பாய், நானும் தொடங்கிய இடத்தை மறந்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். தேத்தண்ணி ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசி.

முப்பது வருடமாக நான் சுவிஸில், இந்தக் கூர் நகரத்தில் இருக்கிறேன். உனக்கு இது பிறந்த ஊர், எனக்கு வேலை கிடைத்த ஊர். நிலையத்திலிருந்து வேலைக்குப் போகும் வழியில் அந்தக் கலைக்கூடத்தை எத்தனை ஆயிரம் தடவை கடந்திருப்பேன் என்று தெரியாது, ஒரு நாள்கூட உள்ளே போனதில்லை. நீ ஓவியம் படிக்கப் போன பிறகுதான், ஒரு லீவு நாளில் மழைக்கு ஒதுங்குவது மாதிரி உள்ளே போனேன். அங்கே ஒரு பெண் தீட்டிய படங்கள் இருந்தன. பெயர் அங்கேலிகா கௌஃப்மன், பிறந்த இடம் கூர், ஆண்டு 1741. இந்த ஊரில் பிறந்து லண்டனுக்குப் போன ஓவியக்காரி! எனக்கு உடம்பு சிலிர்த்தது. அன்றிலிருந்து அவளைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் வாசிக்கிறேன், கடினமான ஜெர்மன் சொற்களுக்கு அகராதி பார்த்தாவது வாசிக்கிறேன். அவர் என்று மரியாதையாக எழுத வேண்டும், ஆனால் கை வரவில்லை. உன் வயதுப் பிள்ளையாகத்தான் மனதில் நிற்கிறாள், அதனால் அவள் என்றே எழுதுகிறேன்.

அவளுடைய அப்பா யோசஃப் கௌஃப்மனும் ஓவியர்தான். பெரிய பெயர் இல்லாதவர். ஆஸ்திரியாவின் ஃபோரார்ல்பெர்க்கில் ஷ்வார்ட்சென்பெர்க் என்ற மலைக் கிராமத்து ஆள். தேவாலயத்தில் வேலை, பிரபு வீட்டில் வேலை என்று எங்கே கிடைக்கிறதோ அங்கே குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போகிறவர். கூரும் அப்படி வந்து தங்கிய ஊர்தான். பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போதே இத்தாலிப் பக்கம், மோர்பேன்யோவுக்குப் போய்விட்டார்கள், பிறகு கோமோ. தாய் மொழிகள் சொல்லிக் கொடுத்தாள், தகப்பன் தூரிகை பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். பன்னிரண்டு வயதில் இசைத்தாளைக் கையில் பிடித்தபடி தன்னைத் தானே தீட்டிய படம் இன்ஸ்புருக்கில் இருக்கிறது. பாட்டும் அவளுக்கு அந்த அளவு வரும்.

1757இல் தாய் இறந்துவிட்டாள். தகப்பனும் மகளும் ஷ்வார்ட்சென்பெர்க்குக்குப் போனார்கள். அங்கே தேவாலயம் தீயில் எரிந்து புதிதாகக் கட்டியிருந்தார்கள், அதில் தகப்பனுக்கு வேலை. சுவரில் பன்னிரண்டு சீடர்களைத் தீட்டும் பொறுப்பை அவர் மகளிடம் கொடுத்தார். அவளுக்கு அப்போது பதினைந்து, பதினாறு வயது.

போன கோடையில் நானும் அம்மாவும் அங்கே போனோம், உனக்குச் சொல்லவில்லை. ரைன் பள்ளத்தாக்கு வழியாக டோர்ன்பிர்ன், பிறகு மலையேற்றம். அந்தச் சீடர்கள் இன்னும் சுவரில் இருக்கிறார்கள். இத்தாலிய ஓவியர் பியட்செத்தாவின் படங்களிலிருந்து அச்சடித்த தாள்களைப் பார்த்துத்தான் தீட்டியிருக்கிறாள், அது வேறு ஒருவருடைய கற்பனைதான். ஆனாலும் தாயைப் பறிகொடுத்த பிள்ளை சாரத்தில் ஏறி நின்று ஈரச் சுண்ணாம்பில் கிழவர்களின் முகங்களைத் தீட்டியிருக்கிறாள், கீழே தகப்பன் நிற்கிறார். அம்மா முன் வாங்கில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கும்பிட்டாள். நான் அண்ணாந்து பார்த்தபடி உன் பதினாறு வயதை நினைத்தேன். பல் வைத்தியரிடம் லேர, அதுதான் தொழிற்பயிற்சி, கிடைத்திருக்கிறது, மூன்று வருடத்தில் கையில் சான்றிதழ், படம் கீறுவதை ஞாயிற்றுக்கிழமையில் கீறு என்று நான் சொன்னதை நினைத்தேன். நீ அந்த லேரயை ஒழுங்காக முடித்தாய், ஒரு நாளும் எதிர்த்துக் கதைக்கவில்லை, முடித்த கையோடு பெட்டியைக் கட்டினாய். அப்போது நாலு மாதம் நான் உன்னோடு கதைக்காமல் இருந்தது பிழை. இதை எழுதிக் கொடுக்க எனக்கு ஒரு கடிதம் தேவைப்பட்டது.

சரி, கதைக்கு வருகிறேன்.

தகப்பனும் மகளுமாக இத்தாலிக்குப் போனார்கள், பிளாரன்ஸ், ரோம், நேப்பிள்ஸ். அது எரிமலையில் புதைந்துபோன பொம்பேயி, ஹெர்குலேனியம் என்ற பழைய ரோம நகரங்கள் மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்துகொண்டிருந்த காலம். பழைய கிரேக்க, ரோமச் சிலைகளின் அமைதியும் சுத்தமான கோடும்தான் இனி வழி என்று ஒரு தலைமுறையே பேசத் தொடங்கியிருந்தது. அதை எழுத்தில் முதலில் வடிவாகச் சொன்ன அறிஞர் விங்கெல்மன் ரோமில் இருந்தார். 1764இல், இருபத்திரண்டு வயதில், அங்கேலிகா அவருடைய உருவப்படத்தைத் தீட்டினாள். அது இப்போது சூரிச் குன்ஸ்ட்ஹவுஸில் இருக்கிறது. அடுத்த முறை நீ வரும்போது இரண்டு பேரும் ரயிலில் போய்ப் பார்க்கலாம். கையில் பேனை, கண் வேறு எங்கேயோ. ஒரு வசனத்தின் நடுவில் யோசிக்கிற மனுசனை அப்படியே பிடித்திருக்கிறாள். அவரே அவளைப் பற்றி நண்பருக்குப் பெருமையாக எழுதியிருக்கிறார், இத்தனை மொழி பேசுகிறாள், இப்படிப் பாடுகிறாள் என்று. அடுத்த வருடம் ரோமின் சான் லூக்கா ஓவியர் சங்கம் அவளை உறுப்பினராகச் சேர்த்தது.

அவளை உயர்த்திய படங்களில் ஒன்று ஒரு முகம். இதைக் கவனி பிள்ளை.

1766இல் ஒரு ஆங்கிலச் சீமாட்டியோடு அவள் லண்டனுக்குப் போனாள். அப்பா கூட இல்லை, அவர் அடுத்த வருடம்தான் போய்ச் சேர்ந்தார். இருபத்துநாலு வயது, புது ஊர், தனிய. அங்கிருந்து தகப்பனுக்கு எழுதிய கடிதத்தில், நாலு அறை எடுத்திருக்கிறேன், ஒன்றில் தீட்டுகிறேன், இன்னொன்றில் முடித்த படங்களை வைத்திருக்கிறேன், இங்கே வழக்கம் அப்படி, படம் தீட்டுவிக்க வருகிற பெரிய மனிதர்களை வசதியில்லாத வீட்டில் வரவேற்க முடியாது என்று விளக்கியிருக்கிறாள். வாடகை கூட என்று தகப்பன் கவலைப்படுவார் என்று தெரிந்து எழுதின மாதிரி எனக்குப் பட்டது. நீ முதல் வருடம் எழுதின மின்னஞ்சல்களும் இப்படித்தான் இருந்தன. ஹீட்டர் இருக்கிறது அப்பா, சன்னல் பெரிசு, வெளிச்சம் நல்லா வரும் என்று.

லண்டனில் எல்லாருக்கும் தேவைப்பட்டது உருவப்படம். புராணம், வரலாறு தீட்டுவதுதான் ஓவியத்தில் உச்சம் என்று எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள், ஆனால் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். அவளுடைய நண்பர், ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ்கூட அப்படித்தான், வரலாற்றுப் படத்தைப் புகழ்ந்து பேசுவார், வாழ்ந்தது உருவப்படத்தில். அவரையும் அவள் 1767இல் தீட்டியிருக்கிறாள். அரசரின் தமக்கையைக் குழந்தையோடு தீட்டினாள். சீமாட்டிகள் வரிசையில் நின்றார்கள். அந்தக் காசில்தான் வீட்டு வாடகை, சாயம், கித்தான், பிறகு தகப்பனின் சாப்பாடும்.

இந்த முகங்களின் காசில் அவள் வாங்கியது தன் சொந்த நேரத்தை. 1768 டிசம்பரில் லண்டனில் ராயல் அகாடமி என்ற கலைஞர் சங்கம் தொடங்கியபோது முதல் உறுப்பினர்கள் முப்பத்துநாலு பேர், அதில் பெண்கள் இரண்டே பேர், அவளும் மேரி மோசரும். அடுத்த வருடம் அகாடமியின் முதல் கண்காட்சிக்கு அவள் அனுப்பியது நாலு படம். நாலும் ஹோமர், வெர்ஜில் போன்ற பழைய கிரேக்க, ரோமக் கவிஞர்கள் பாடிய கதைகள். ஹெக்டர் மனைவியிடம் விடைபெறுவது, யுலிசஸின் வில்லைப் பெனலப்பி எடுப்பது, இப்படி. மாதக்கணக்காகச் சீமாட்டிகளைத் தீட்டிவிட்டு, முதல் மேடை கிடைத்ததும் தன் மனதில் இருந்ததை வைத்துவிட்டாள்.

பெனலப்பி படத்தைப் பற்றி உன்னோடு நேரே கதைக்க ஆசை. அந்தக் கதையை யார் தீட்டினாலும் யுலிசஸ் வில்லை வளைத்து அம்பு விடுகிற இடத்தைத்தான் எடுப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். இவள் அதற்கு முந்திய நேரத்தை எடுத்தாள். இருபது வருடம் கணவனுக்காகக் காத்திருந்த பெண், மறுமணத்தை இனித் தள்ளிப்போட முடியாது என்று முடிவு செய்து, தனியாக அறைக்குள் வந்து சுவரில் தொங்கும் வில்லுக்குக் கையை நீட்டுகிறாள். இந்த வில்லை வளைப்பவனுக்கு நான் என்று சொல்லப்போகிறாள். ஹோமரில் அந்த இடத்தில் அவள் வில்லை மடியில் வைத்து அழுகிறாள். சண்டையோ கூட்டமோ இல்லை, ஒரு பெண்ணும் ஒரு வில்லும்தான். அதற்கு முன்பு 1764இலும் ஒரு பெனலப்பி தீட்டியிருக்கிறாள், தறிக்கு முன்னால் தலையைக் கையில் சாய்த்தபடி, காலடியில் நாய். அங்கே அவள் காத்திருக்கிறாள், இங்கே எழுந்துவிட்டாள். நாலைந்து வருட இடைவெளியில் அதே பெண்ணைத் திரும்ப எடுத்து எழுப்பி நிறுத்தியிருக்கிறாள் என்று நான் நினைக்கிறேன். படித்தவர்கள் வேறு மாதிரிச் சொல்லலாம், நான் சமையலறையில் நின்ற ஆள், எனக்குப் பட்டது இது. உன் அம்மம்மா கேற்றடியில் நின்று மாமா வருகிறாரா என்று பார்த்த வருடங்களை நான் கண்ணால் கண்டவன், காத்திருக்கிற முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இந்தப் பெண் அதைச் சரியாகத் தீட்டியிருக்கிறாள். இத்தனை முகங்களை மணிக்கணக்காக முன்னால் இருத்திப் பார்த்த கை அது. சீமாட்டிகளின் முகங்கள் இல்லாமல் அந்தப் பெனலப்பி வந்திருக்க மாட்டாள்.

அவளுடைய ஆண்கள் மென்மையாக இருக்கிறார்கள், வீரர்கள் மாதிரி இல்லை என்று அந்தக் காலத்திலேயே விமர்சித்தார்கள். உண்மைதான், ஹெக்டரைப் பார்த்தால் போருக்குப் போகிறவன் மாதிரி இல்லை. ஆனால் ஏன் என்று யோசி. அகாடமியில் ஆண் மாதிரியை ஆடையில்லாமல் நிறுத்தி வரையும் வகுப்புக்குப் பெண்களை விடமாட்டார்கள். ஆண் உடம்பைச் சிலைகளிலும் அவற்றின் சுண்ணாம்பு வார்ப்புகளிலும் பார்த்துத்தான் அவள் படித்தாள். சொஃபானி என்ற ஓவியர் அகாடமி உறுப்பினர்களைச் சேர்த்து ஒரு கூட்டப் படம் தீட்டினார், 1772இல் காட்சிக்கு வந்தது. ஆண்கள் மாதிரியைச் சுற்றி இருக்கிறார்கள், அங்கேலிகாவும் மேரியும் மட்டும் சுவரில் தொங்கும் இரண்டு படங்களாக இருக்கிறார்கள். சங்கத்தைத் தொடங்கியவர்களில் இரண்டு பேர், அந்த அறைக்குள் நிற்க அனுமதி இல்லை! அவர்களுக்குப் பிறகு முழு உறுப்பினராக இன்னொரு பெண் வர 1936 ஆயிற்று, லோரா நைட்.

அவள் இதற்கெல்லாம் கட்டுரை எழுதவில்லை, படத்தில் வைத்தாள். அகாடமியின் மண்டபத்துக்குக் கூரை ஓவியம் நாலு கேட்டார்கள், 1778 தொடங்கி 1780 வரை தீட்டினாள். கற்பனை, அமைப்பு, வரைதல், வண்ணம் என்று நாலும் நாலு பெண்கள். வரைதல் என்ற பெண் தாளை வைத்துக்கொண்டு பார்த்து வரைவது எதை என்று நினைக்கிறாய்? பெல்வெடேர் முண்டத்தை, தலையும் கையும் காலும் உடைந்த அந்தப் பழைய ஆண் சிலையை. வகுப்புக்குள் விடாத சங்கத்தின் தலைக்கு மேலேயே ஒரு பெண் ஆண் உடம்பை உட்கார்ந்து வரைகிறாள். வண்ணம் என்ற பெண் வானவில்லில் தூரிகையைத் தொட்டு எடுக்கிறாள், பக்கத்தில் ஒரு பச்சோந்தி. இந்த நாலும் இப்போது பிக்கடிலியில், பர்லிங்டன் ஹவுஸ் நுழைவு மண்டபத்துக் கூரையில் இருக்கின்றன. நீ பஸ்ஸில் போகிற வழி. அண்ணாந்து பார்த்தாயா?

இடையில் அவளுக்குக் கெட்ட காலமும் வந்தது. கோமகன் என்று சொல்லி வந்த ஒருவனை 1767இல் கட்டினாள். அவன் ஏமாற்றுக்காரன், ஏற்கெனவே மனைவி உள்ளவன். சில மாதத்தில் பிரிந்தாள். இதைப் பெரிதாக எழுத விருப்பமில்லை. அந்த வருடங்களிலும் அவள் தீட்டினாள், அது போதும். 1781இல் அந்தோனியோ சூக்கி என்ற வெனிஸ் ஓவியரைக் கட்டினாள். தகப்பன் அடுத்த வருடத் தொடக்கத்தில் வெனிஸில் இறந்தார், கடைசிவரை மகளோடுதான் இருந்தார். பிறகு ரோமில் வீடு. சூக்கி ஒரு கணக்குப் புத்தகம் வைத்திருந்தார், எந்தப் படம், யாருக்கு, என்ன விலை என்று வருடக்கணக்காக எழுதியது, அது இன்னும் இருக்கிறது. நேப்பிள்ஸ் அரச குடும்பத்தின் படம், பயணிகளின் முகங்கள், அரியட்னே, கொர்னேலியா என்ற பழைய கதைப் பெண்கள் எல்லாம் ஒரே வாழ்க்கையின் வரவு. உன்னிடம் அப்படி ஒரு கணக்குக் கொப்பி இருக்கிறதா? இல்லாவிட்டால் இன்றைக்கே தொடங்கு, இது அப்பாவின் உத்தரவு.

ரோமில் அவள் செய்த ஒன்று உனக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். முகத்தையும் புராணத்தையும் ஒரே கித்தானில் சேர்த்தாள். நேப்பிள்ஸில் இருந்த ஆங்கிலத் தூதரின் மனைவி எம்மா ஹாமில்டனை 1791இல் நகைச்சுவையின் தேவதையாகத் தீட்டினாள். முகம் எம்மாவுடையது, உடுப்பும் நிலையும் முகமூடியும் அங்கேலிகாவின் உலகம். ஆனால் எல்லாரும் திருப்திப்பட்டார்கள் என்று நினைக்காதே. கவிஞர் கோத்தே ரோமில் இவளுடைய நெருங்கிய நண்பர், வாரம்தோறும் சந்திப்பவர். தன்னை அவள் தீட்டிய படத்தைப் பார்த்து, நல்ல வடிவான பெடியன்தான், ஆனால் நான் இதில் இல்லை என்ற கருத்தில் எழுதிவிட்டார். போன மாதம் உன் படத்தைத் திருப்பி அனுப்பினவர்களை நினைத்து நீ அழுததாக அம்மா சொன்னாள். அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். நட்பு முறியவில்லை, அவளும் நிறுத்தவில்லை.

இனி எனக்கு மிகவும் பிடித்த படம். ஐம்பது வயது தாண்டித் தீட்டியது, 1794, இங்கிலாந்தில் நோஸ்டல் பிரையரி என்ற வீட்டில் இருக்கிறது. நடுவில் அவள், வெள்ளை உடுப்பு. ஒரு பக்கம் இசை, இன்னொரு பக்கம் ஓவியம், இரண்டும் பெண்கள். சின்ன வயதில் பாட்டா படமா என்று தேர்ந்தெடுக்க வேண்டி வந்ததாம், அதை முப்பது வருடத்துக்கும் மேலே கழித்துத் தீட்டியிருக்கிறாள். ஓவியம் தூரத்தில் மலைமேல் இருக்கும் ஒரு கோயிலைக் காட்டுகிறது, ஏற வேண்டும். இசை கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறது. அங்கேலிகாவின் உடம்பு ஓவியத்தின் பக்கம் திரும்பிவிட்டது, ஆனால் முகம் இசையைத்தான் பார்க்கிறது, அதன் கையையும் விடவில்லை. நல்ல வழியா கெட்ட வழியா என்று ஹெர்குலிஸ் நடுவில் நிற்கிற பழைய படங்களின் அமைப்பு இது. இவள் அந்த இடத்தில் தன்னை நிறுத்தினாள், இரண்டு பக்கமும் நல்லதை வைத்தாள். விட்டுவிட்ட ஒன்றை இவ்வளவு அன்பாகப் பார்க்கிற முகத்தை நான் வேறு படத்தில் காணவில்லை. நீ பல் வைத்தியசாலையை விட்டுப் போனபோது அந்த வைத்தியரம்மா கொடுத்த சின்னக் கண்ணாடியை இன்னும் மேசையில் வைத்திருக்கிறாய் என்று அம்மா சொன்னாள். அதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

1807இல் ரோமில் இறந்தாள். சிற்பி கனோவா முன்னின்று இறுதி ஊர்வலத்தை ஒழுங்கு செய்தார், அவளுடைய இரண்டு படங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிற்காலத்தில் ஆஸ்திரியாவின் 100 ஷில்லிங் நோட்டில் அவள் முகம் வந்தது. இவ்வளவு பெயர் எடுத்தவள், அந்த மலைக் கிராமத்துப் பெண்கள் போடும் உடுப்போடு தன்னைத் தீட்டியும் வைத்திருக்கிறாள். பிறந்தது கூரில், வளர்ந்தது இத்தாலியில், பெயர் எடுத்தது லண்டனில், செத்தது ரோமில், ஆனால் அப்பாவின் ஊர் உடுப்பு. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, நீ விரும்பினால் யோசி.

இனி உன் அலுப்புக்கு வருகிறேன். சென் காலனில் இருக்கிற அந்த அக்கா, நீ அவளுடைய தகப்பனின் அடையாள அட்டைப் படத்தை வைத்துத் தீட்டிக் கொடுத்தாயே, அவளைக் கோயிலில் கண்டேன். வீடு எரிந்தபோது அல்பம் எல்லாம் போய்விட்டது, அந்த அட்டை மட்டும்தான் மிச்சம், அதிலும் பாதி முகத்தில் முத்திரை. நீ முத்திரைக்குக் கீழே இருந்த கண்ணை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். தாய் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று கதைக்கிறாவாம். நீ இதை அலுப்பு வேலை என்று சொன்னபோது எனக்குப் பதில் வராததற்கு அதுவும் ஒரு காரணம்.

உன் பெனலப்பி எது என்று எனக்குத் தெரியாது. அதை நீ தீட்டத்தான் வேண்டும், அதற்கு நேரம் ஒதுக்கத்தான் வேண்டும், வாரத்தில் இரண்டு நாள் ஒருவருக்கும் முகம் கீறாதே. அந்த இரண்டு நாளின் வாடகை குறைந்தால் எனக்குச் சொல். ஞாயிற்றுக்கிழமையில் கீறு என்று சொன்ன வாயால்தான் இதையும் சொல்கிறேன்.

மே மாதம் பத்து நாள் லீவு போட்டிருக்கிறேன், பயணச்சீட்டும் எடுத்தாயிற்று. அம்மா பருத்தித்துறை வடையும் மிளகாய்த்தூளும் கட்டுகிறாள், வேண்டாம் என்று சொல்லாதே. முதல் நாளே என்னைப் பிக்கடிலிக்குக் கூட்டிக்கொண்டு போ. கழுத்து வலித்தாலும் அந்த நாலு பெண்களையும் நின்று பார்க்க வேண்டும், வரைகிற பெண்ணை நீதான் எனக்கு விளக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா